சாணி ஏற்ற ஒரு வாகனம்

பேரரசுகள் எல்லாம் குதிரைகளின் முதுகில்தான் எழுந்தன. குதிரை கனைத்தால் கோட்டைகள் நடுங்கின. குதிரை ஓடினால் வரலாறும் கூடவே ஓடியது.

அந்தக் குதிரைகள் சாணியும் போட்டன. இதை எந்த வரலாற்றுப் புத்தகமும் சொல்வதில்லை. அதனால் கோபிகாவின் பெரியப்பா சிவசுப்பிரமணியத்துக்கும் அது தெரியாமல் போய்விட்டது.

பெரியப்பா இருபத்தேழு வருடங்கள் கனடாவில் இருந்துவிட்டு நீர்வேலிக்குத் திரும்பியவர். கலியாண மாப்பிள்ளைகளை ஊர்வலமாக ஏற்றிச் செல்வதற்கென்று நுவரெலியாவிலிருந்து இரண்டு குதிரைகளை வாங்கி வந்தார். வெள்ளைக் குதிரைக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தார். மண்ணிறக் குதிரைக்கு இளவரசி. வாசலில் ‘அரச அசுவ பவனி நிலையம்’ என்று ஒரு பலகை தொங்கியது. அசுவம் என்றால் என்ன என்று தபால்காரர் கேட்டார். குதிரை என்றார் பெரியப்பா. அப்படியானால் குதிரை என்றே எழுதியிருக்கலாமே என்று தபால்காரர் சொன்னார். அவரைப் பெரியப்பா இன்னும் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை இதுவரை ஒருவரும் வரவில்லை. ஆனால் சக்கரவர்த்தியும் இளவரசியும் சேர்ந்து ஒரு நாளைக்கு நான்கு உரப்பை நிறையச் சாணி போட்டன. அது நாள் தவறாமல் வந்தது.

லாயம் இருந்தது ஒழுங்கையின் கடைசியில். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒடுங்கிய மண்பாதை, பாதி வழியில் சட்டென்று வளைந்து திரும்பும் ஒரு முடக்கு. அந்த முடக்கில்தான் மக்டலீன் ரீச்சரின் வீடு. லாயத்துக்குப் பின்னால் வளர்ந்த சாணிக் குவியலின் மணம் முதலில் போய்ச் சேர்ந்ததும் அவருடைய வீட்டுக்குத்தான். ரீச்சர் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை மறைக்கவும் இல்லை. ஒரு பிரதியைப் பெரியப்பாவிடமே கொண்டுவந்து கொடுத்து, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். குவியலைப் பார்த்தார். பதினான்கு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் குவியலை அகற்றி, ஒவ்வொரு நாளும் துப்புரவாக வைத்திருக்க ஒழுங்கு செய்யவேண்டும். இல்லாவிட்டால் குதிரைகள் இங்கே நிற்கக்கூடாது.

“நிக்கக்கூடாதெண்டால் திருப்பி நுவரெலியாவுக்கு அனுப்பவேண்டியதுதான்,” என்றார் பெரியப்பா.

பதினொரு வயதுக் கோபிகா அன்று இரவு சாப்பிடவில்லை. கதிரையில் இருந்தாள், எழும்பினாள், மறுபடியும் இருந்தாள். அவளுக்கு இளவரசி என்றால் உயிர். பள்ளிக்கூடம் போகுமுன் லாயத்தைக் கூட்டுவதும், ஈரமான இடத்தில் காய்ந்த வாழைச்சருகைப் பரப்புவதும் அவள்தான். கொஞ்ச நாளாக இளவரசியும் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு காலைத் தூக்கும், வைக்கும், மற்றக் காலைத் தூக்கும். ஈரத்தில் நின்றால் குளம்பு பழுதாகிவிடும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார்.

சாணியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. கோயிலடிக்கு அப்பால் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் பத்மாசினி அக்கா, எவ்வளவு இருந்தாலும் தாருங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். கொண்டுபோவதுதான் பாடு. லாயத்தில் வேலை செய்யும் முத்துக்குமாரு அண்ணை ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் ஒரு நாளைக்கு மூன்று நடை போவார். அவர் ஒரு நடை போய்வருவதற்குள் சக்கரவர்த்தி அடுத்த நடைக்கு வேண்டியதைப் போட்டிருக்கும்.

“வாகனம் ஒண்டு எடுத்தால் சரி,” என்றார் பெரியப்பா. எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியப்பா கோபிகாவையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போனார். அவளைக் கூட்டிப்போனது தொலைபேசியைப் பிடிக்க. ஏனென்றால் வாகனத்தைத் தெரிவு செய்யப்போவது பெரியப்பா மட்டுமல்ல. ரொறன்ரோவில் இருந்து இரண்டு சித்தப்பாமார், பாரிஸில் இருந்து ஒரு மாமி, ஒஸ்லோவில் இருந்து ஒரு மச்சான் என்று நான்கு முகங்கள் தொலைபேசியில் வரிசையாக நின்றன. அவர்களில் ஒருவரும் லாயத்தைப் பார்த்ததில்லை. ஒழுங்கையைப் பார்த்து இருபது வருடம்.

ரொறன்ரோ வெள்ளை நிறம் வேண்டாம் என்றது. பாரிஸ் கறுப்பு கூடாது, சனி பிடிக்கும் என்றது. ஒஸ்லோ கொஞ்ச நேரம் நித்திரை கொண்டது. கடைசியில் எல்லோரும் ஒரு வெள்ளி நிறப் பிக்கப்பில் வந்து நின்றார்கள். முன்னால் இரண்டு பேரும் பின்னால் மூன்று பேரும் இருக்கலாம். அதற்கும் பின்னால் சாமான் ஏற்ற ஒரு பெட்டி. கண்ணாடி முன்னால் நின்றதுபோல் பெரியப்பாவின் முகம் அதன் கதவில் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்துக்கொண்டது.

கோபிகாவின் சட்டைப்பையில் ஒரு கயிறு இருந்தது. காலையில் முடக்கில் ஒரு வேலியிலிருந்து மற்ற வேலிவரை பிடித்து, முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அவள் தொலைபேசியை விற்பனையாளரின் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிக்கப்பின் நீளத்துக்குப் பிடித்தாள். கயிறு பின்கதவுவரைகூடப் போகவில்லை.

“பெரியப்பா, இது முடக்கிலை திரும்பாது.”

“அந்தக் கயித்தை எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை,” என்றது பாரிஸ். “நிறம் வடிவாத் தெரியேல்லை.”

நேரமும் போய்க்கொண்டிருந்தது. நாலரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் வாகனம் பிள்ளையார் கோயிலடியில் நிற்கவேண்டும். இப்படியான அவசரத்தில் முடக்கைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பெரியப்பா கையெழுத்துப் போட்டார். நாலு இருபதுக்குக் கோயிலடி. ஐயர் மாலை போட்டு, சந்தனம் பூசி, திருநீறு சாத்தி, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தார். பிக்கப் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. ஒழுங்கைக்குள் இறங்கி, முடக்குவரை போய், அங்கே மூக்கை மக்டலீன் ரீச்சரின் வேலிக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது.

ரீச்சர் வெளியே வந்து பார்த்தார். வேலியை ஒரு முழம் உள்ளுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பெரியப்பா பணிவாகக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் அவருடைய சிறுநீரகத்தைக் கேட்கலாம், வேலியைக் கேட்கக்கூடாது. ரீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிக்கப் பின்பக்கமாகவே ஒழுங்கை வாசலுக்குப் போனது.

“அதுக்கென்ன,” என்றார் பெரியப்பா. “வாகனம் வாசலிலை நிக்கட்டும். சாணியை இவ்வளவு தூரம் கொண்டுவந்து ஏத்துங்கோ.”

கோபிகாவும் முத்துக்குமாரு அண்ணையும் இரண்டு உரப்பைகளைக் கட்டி, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணை முதல் பையைத் தூக்கினார். பெரியப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

“பிள்ளையாருக்கு முன்னாலை நிண்ட வாகனம். திருநீறு இன்னும் காயேல்லை. இதுக்குள்ளை சாணியோ?”

“பிள்ளையாரையே சாணியிலைதானே பெரியப்பா பிடிச்சு வைக்கிறது?” என்று கேட்டாள் கோபிகா.

“அது பசுச்சாணி.”

முத்துக்குமாரு அண்ணை பையை இறக்கி வைத்தார். “அப்ப ஐயா, வாகனம் என்னத்துக்கு வாங்கினது?”

“சாணி ஏத்த,” என்றார் பெரியப்பா.

அண்ணை பையைத் திரும்பவும் தள்ளுவண்டியில் வைத்தார். பிறகு தள்ளுவண்டி வந்த வழியே திரும்பிப் போனது.

திங்கள், செவ்வாய், புதன் என்று நாட்கள் போயின. பிக்கப் வாசலில் மாலையோடு நின்றது. பெரியப்பா காலையும் மாலையும் அதன் கதவுகளைத் துடைத்தார். சாணிக் குவியல் லாயத்தின் யன்னல்வரை வந்தது. வகுப்பில் கோபிகாவின் கால் ஓயாமல் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. யார் அந்தக் குதிரை என்று கணித ஆசிரியர் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். கோபிகா சிரிக்கவில்லை. கொப்பியின் ஓரத்தில் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. வாகனத்தைப் பார்க்க நாங்கள் ஏன் போனோம்? வாகனம் அல்லவா எங்கள் முடக்கைப் பார்க்க வரவேண்டும்?

பெரியப்பாவிடம் போய், வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை, வேறு வாகனங்களை இங்கே வரச்சொல்லிப் பார்ப்போம் என்றாள். வேறு வழி தெரியாத பெரியப்பா தலையாட்டினார்.

சனிக்கிழமை முதலில் வந்தது பின்னால் பெட்டி பூட்டிய ஓட்டோ. முடக்கில் அது அழகாகத் திரும்பியது. முதல் நாள் பெய்த ஐப்பசி மழையில் லாயத்தடி சேறாகக் கிடந்தது. நான்கு பைகளை ஏற்றியதும் ஓட்டோவின் பின்சில்லுகள் சேற்றுக்குள் போயின. முன்சில்லு மேலே எழும்பி வானத்தைப் பார்த்தது. ஐந்து பேர் சேர்ந்து அதை இழுத்தெடுத்தார்கள்.

இரண்டாவதாக வந்தது வெளிநாட்டுத் தோட்டங்களில் ஓடுகிற நாலு சில்லுக் குட்டி வாகனம். பெரியப்பாவுக்கு அதன் ஆசனம் மிகவும் பிடித்தது. அது சேற்றில் ஓடியது, முடக்கில் திரும்பியது. பெரியப்பா அதைக் கொண்டுவந்த இளைஞனின் கையைப் பிடித்துக் குலுக்கவே போனார். கோபிகா அதை ஒரு இரவு இங்கேயே விட்டுவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டாள். காலை ஆறு மணிக்கு முத்துக்குமாரு அண்ணை திறப்பைத் திருப்பினார். அது ஒரு முறை இருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. இருபது முறை திருப்பியும் அப்படியே. என்னவென்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்றான் இளைஞன். வெள்ளிக்கிழமைக்குள் வருவாரா என்று கோபிகா கேட்டாள். எந்த வெள்ளிக்கிழமை என்று அவன் கேட்டான்.

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பத்மாசினி அக்காவின் தோட்டத்துக்குப் போனாள். அங்கே தோட்டம் உழுகிற ஒரு லான்ட்மாஸ்டர் நிற்பது அவளுக்குத் தெரியும். முன்னால் இரண்டு சில்லு, மாட்டுக்கொம்புபோல் நீண்ட இரண்டு கைபிடி, பின்னால் பழைய மரப்பெட்டி. அதன் பெயின்ற் எந்த நிறம் என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது.

“அக்கா, இது காலமை ஸ்ரார்ட் வருமோ?”

“எனக்கு முதல் அது எழும்பும்,” என்றார் பத்மாசினி அக்கா. “பழுதானாலும் சந்தியிலை நிக்கிற பத்துப் பேரிலை எட்டுப் பேருக்குத் திருத்தத் தெரியும். மிச்ச ரெண்டு பேரும் தெரியுமெண்டு சொல்லுவினம்.”

கோபிகா மூச்சு விடாமல் கதைத்தாள். அக்காவுக்குச் சாணி வேணும். எங்களுக்கு வண்டி வேணும். லான்ட்மாஸ்டர் பின்னேரத்தில் தோட்டத்தில் சும்மாதான் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரு நடை வந்தால் இரண்டு பேருக்கும் சரி. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, தண்ணி குடி பிள்ளை என்றார். பிறகு எஞ்சினில் சுற்றுக்கம்பியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். அது எழும்பிவிட்டது.

அதன் சத்தம் அரை ஊருக்குக் கேட்டது. குதிரைகள் மிரளும் என்று கோபிகா பயந்தாள். ஒழுங்கை வாசலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு லாயத்துக்கு ஓடினாள். இளவரசியின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். சத்தம் கிட்ட வந்தது. இளவரசியின் காதுகள் முன்னும் பின்னும் ஆடின. ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. பின்பு பெட்டிக்குள் இரண்டு வாழைச்சீப்புக் கிடப்பதைக் கண்டு கழுத்தை நீட்டியது. சக்கரவர்த்திதான் போய் மூலையில் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றது. எஞ்சினை நிறுத்தியபிறகே அது வெளியே வந்தது. வந்தபோது வாழைப்பழம் முடிந்துவிட்டது.

முடக்கில் பெட்டி வேலியை உரசாமல் இருக்க, ஒவ்வொரு நடையும் கோபிகா முன்னால் நடந்து கிளைகளை விலக்கிப் பிடித்தாள். மூன்றாம் நாள் மக்டலீன் ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ரோசா மரங்களுக்கு இரண்டு பை கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மணத்தைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் கடைசிப் பை போனது. குவியல் இருந்த இடத்தில் வெறும் நிலம் தெரிந்தது. லாயத்துக்குள் காய்ந்த சருகின்மேல் இளவரசி நான்கு காலும் ஊன்றி நின்றது. கோபிகா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அதற்குப்பிறகுதான் பசித்தது.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். பெரியப்பா பட்டு வேட்டி கட்டியிருந்தார். வாகனம் தெரிவு செய்வது ஒரு கலை, அதற்கு ஆழ்ந்த அனுபவம் வேண்டும், முடக்கின் அகலத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று அவர் பரிசோதகருக்கு விளக்கினார். முத்துக்குமாரு அண்ணை கோபிகாவைப் பார்த்தார். கோபிகா இளவரசியைப் பார்த்தாள். பரிசோதகர் லாயத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். மூக்கால் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். குதிரைகள் தாராளமாக நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

பெரியப்பா அவரை வழியனுப்ப வாசல்வரை போனார். பிக்கப் அங்கேதான் நின்றது. அதன் பெட்டி கீறுப்படக்கூடாதென்று பெரியப்பா உள்ளே பொலித்தீன் விரித்திருந்தார். பரிசோதகர் எட்டிப் பார்த்தார். பேனாவால் மெதுவாகக் கிளறினார். பிறகு மூடிய கொப்பியை மறுபடியும் திறந்தார்.

பொலித்தீன்மேல் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுக்க டெங்கு நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.