மேடையில் எழுபது கிலோ

எடை மேடையில் யாரும் இல்லை. ஆனால் திரையில் எழுபது கிலோ இருந்தது.

எழுபது கிலோ என்பது லாரிக்கு அவமானம், பேய்க்குக் கொஞ்சம் அதிகம். அதனால் லாரிகளுக்கு எடை போடும் பீம்ராவ் அதைச் சேறு என்று முடிவு செய்தான். எண்ணூர் சாலையை ஒட்டிய அந்தக் கண்டெய்னர் யார்டில் மழை பிடித்துவிட்டால் சேறு ஏறாத இடம் கிடையாது; மேனேஜர் ஜெபசிங்கின் வெள்ளை பேண்டில்கூட முழங்கால்வரை உரிமையோடு ஏறும். சாயங்காலம்தான், ஆனால் கார்த்திகை மழை வெளிச்சத்தை அதற்குள் மூட்டை கட்டி அனுப்பியிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும், டீசலும், கழிமுகத்து மீன் கவிச்சியும் தண்ணீரில் கரைந்து ஒரே வாடையாகி, ஜன்னல் இடுக்கு வழியாகக் கேபினுக்குள் வந்து அவன் ஈரச் சட்டையின் வாடையோடு சேர்ந்துகொண்டது. நாலு அடுக்காக நின்ற கண்டெய்னர்களின் தகரத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு நடுவே, எங்கேயோ ஒரு வண்டி பின்னால் வரும் பீப் பீப் ஒலி நெருங்கியது, நெருங்கியது, பிறகு வராமலே நின்றுவிட்டது.

கேபின் கணினியில் எடை போடும் மென்பொருள் இரண்டு இருந்தன. பழசு ஒன்று, புதுசு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பச்சை லாரிப் படம், ஒரே திரை. செய்தவர்கள் விலையைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை போலிருந்தது. பழசைத் தூக்கி எறிந்துவிடலாம்தான். ஆனால் காலியாக உள்ளே வரும்போது பழசில் எடை போட்ட லாரிக்கு, சரக்கோடு வெளியே போகும்போதும் பழசில்தான் போட்டாக வேண்டும். அப்படி யார்டுக்குள் தங்கிவிட்ட லாரிகள் எல்லாம் வெளியேறும்வரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தின. மாற்றிப் போட்டுச் சீட்டுக் கொடுத்தால் துறைமுக வாசலில் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பீம்ராவ் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிப் போட்டிருந்தான்.

"இன்னொரு வண்டி திரும்பி வந்துச்சுன்னா, அதுலயே ஏறி நீயும் போயிடு," என்று ஜெபசிங் சொல்லியிருந்தார். எம்.கே.பி. நகர் வீட்டில் அம்மாவின் மாத்திரையிலிருந்து கேபிள் டிவி வரைக்கும் எல்லாமே இந்த ஒரு வேலையை நம்பித்தான் ஓடின.

திரையில் இருப்பது பழசா புதுசா என்று கண்டுபிடிக்க வழி சொன்னவன் பொன்ராஜ். புதுசைக் கொண்டுவந்து போட்டவனும் அவனே. காசிமேட்டில் படகு வைத்திருந்த குடும்பம். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான் என்பதால் கம்ப்யூட்டர் படிக்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பீம்ராவுக்குத் தோஸ்து. வேறு யாருக்கோ போகவிருந்த இந்த யார்டு வேலையை அவனுக்கு வாங்கித் தந்ததே பீம்ராவ்தான். "என் தோஸ்து சார், நான் கேரண்டி" என்று ஜெபசிங்கிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"ரொம்ப ஈஸி மாமு," என்றான் பொன்ராஜ். "ஒரு ஆளைக் கூப்ட்டு மேடை மேல நிக்க வெய்யி. நூறு கிலோக்குக் கீழ எது வந்தாலும் பழசு அதை சேறுன்னு நெனச்சு சைபர் போட்டுடும். புதுசு அப்டி இல்ல, ஆளையும் எண்ணும். பழசுக்கு மனுசன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவ்ளோதான்."

அன்றிலிருந்து காவலாளி ராமசுப்பு குடையோடு மேடையில் ஏறி நிற்பார். அறுபது வந்தால் புதுசு. சைபர் வந்தால் பழசு. திருநெல்வேலியில் பிறந்து எண்ணூரில் வந்து நிற்கும் அவருக்கு இதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. "எம் பொண்டாட்டிகூட என்னைய இப்படி மதிச்சதில்ல தம்பி" என்பார்.

இப்போது அவர் டீ வாங்கப் போயிருந்தார். பழசில் பாக்கி இருந்தது ஒரே ஒரு லாரி, சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் பழசை எடுத்துவிடுவதாகச் சொன்ன பொன்ராஜ், "டோல்கேட்டாண்ட மாட்டிக்கினேன்" என்று கொஞ்சம் முன்புதான் போன் செய்திருந்தான்.

எழுபது.

பீம்ராவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அது அவனுடைய எடை. புதுசைப் போட்ட அன்று பொன்ராஜ் அவனை மேடையில் நிறுத்தி எடை பார்த்தான். "பேரு பீமு, வெயிட்டு எழுபதுதானா?" என்று டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு கேபினுக்குள் கூட்டிப்போய் ரேகைக் கருவியில் விரல்களை வைக்கச் சொன்னான். ஒரு விரல் போதுமே என்றதற்கு, "யூசர் மாத்தணும் மாமு, பழைய ஆளை அப்டியே புதுசுல எறக்கணும்" என்றான். வலது கட்டைவிரலில் தொடங்கி இடது சுண்டுவிரல்வரை ஒவ்வொன்றாகத் தானே பிடித்து அழுத்தினான். கடைசி விரலை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பீம்ராவ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மேடையில் சேறு இல்லை. மழை கழுவிவிட்ட இரும்பு, விளக்கு வெளிச்சத்தில் மீன் வயிறு மாதிரி பளபளத்தது. வழக்கமாக மேடைக்கு அடியில் சுருண்டிருக்கும் நாய் எதிரே மழையில் நின்றுகொண்டிருந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மேடையின் நடுப்பகுதியையே பார்த்தது. கேபின் கூரைமேல் இருந்த பெரிய பலகையில் சிவப்பு எண்: 70.

அவன் ஏறி நின்றான். நூற்று நாற்பது ஆக வேண்டும்.

70.

குதித்தான். இரும்பு அதிரவில்லை.

70.

இறங்கினான். 70. மறுபடி ஏறினான். 70. அவன் ஏறுவதும் இறங்குவதும் அந்த எண்ணுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாயைக் கூப்பிட்டான். நாய் திரும்பவில்லை.

போனை எடுத்து பொன்ராஜை அழைத்தான். மழைக்கு நடுவே எங்கேயோ மணி அடித்தது. ரொம்பப் பக்கத்தில்.

"டேய் பொன்னு, மேடையில ஆளே இல்ல, எழுபது காட்டுது."

"கரெக்டாத்தான் கீது."

"இன்னா கரெக்டு?"

"உன் வெயிட்டு இன்னா மாமு?"

"எழுபது."

"அப்பறம் இன்னா?"

"சொம்மா வெளயாடாத. நான் ஏறி நின்னாலும் அதான் காட்டுது. என்னை எண்ணவே மாட்டுது."

பொன்ராஜ் பெருமூச்சு விட்டான். ராத்திரி முழுக்க அழும் குழந்தையைத் தூங்கவைக்கிறவனின் பெருமூச்சு. "நீ இன்னும் வெளியத்தான் கீறியா?"

"ஆமாடா."

"அங்கியே இரு. கிட்ட வராத. அவன் பயந்துக்குவான்."

"எவன்டா?"

போன் அணைந்துவிட்டது. அதே நேரத்தில் பலகையில் எழுபது அழிந்து சைபர் வந்தது. மேடையில் இருந்தது எதுவோ, இறங்கிப் போய்விட்டது.

அந்தப் பக்கம், கேபின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பீம்ராவ் ஓடினான். அவன் காலடிக்குச் சத்தம் வரவில்லை. கூரையின் நீட்டலுக்குக் கீழே, மழை படாத ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் தூசி படிந்திருந்தது. அதன் வழியாக உள்ளே பார்த்தான்.

அவன் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பீம்ராவ் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, ஆனால் காய்ந்த சட்டை. சொட்டை விழத் தொடங்கிய அதே தலை. பக்கத்து ஸ்டூலில் பொன்ராஜ். டோல்கேட்டில் மாட்டியிருந்த பொன்ராஜ். ராமசுப்பு மூன்று கிளாஸ் டீயோடு நுழைந்தார்.

"இன்னைக்கி மொகம் தெளிச்சியா இருக்கே தம்பி," என்றார் அவர்.

நாற்காலியில் இருந்தவன் சிரித்தான். பீம்ராவ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. அவ்வளவு நல்ல சிரிப்பு.

"சுப்பண்ணே! அது நான் இல்லண்ணே!" பீம்ராவ் கண்ணாடியை அறைந்தான். ராமசுப்பு நிமிர்ந்து அவன் முகத்துக்கு நேராகப் பார்த்தார். "மழை வலுக்குது" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

பொன்ராஜும் நிமிர்ந்தான்.

அவன் பார்த்தான். பீம்ராவின் கண்ணைப் பார்த்தான், நனைந்த தலையைப் பார்த்தான், கண்ணாடியில் பதிந்த கையைப் பார்த்தான். எழுந்து வந்து, சீட்டுக் கொடுக்கும் சின்னக் கதவைக் கையகலம் திறந்தான்.

"கூவாத மாமு."

"பொன்னு... இன்னாடா இது?"

"நீ ரெண்டு வாட்டி தப்பு சீட்டு குடுத்த. ஜெபசிங்கு என் பில்லையே நிறுத்திடுவேன்னாரு. இவன் தப்பு பண்ண மாட்டான்." குரலைத் தாழ்த்தினான். "உங்கம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை குடுப்பான். நேத்தே வூட்டுக்குப் போயி குடுத்துட்டு வந்தான். அம்மா ஒண்ணும் கண்டுக்கல."

நேற்று பீம்ராவ் வீட்டுக்குப் போனபோது அம்மா சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, தானே போட்டுச் சாப்பிட்டான். மாத்திரையை நீட்டியபோதும் வாங்கவில்லை.

"நான் உனக்கு கேரண்டி நின்னேன்டா."

"அதான் மாமு." பொன்ராஜ் வருத்தமாகவே சொன்னான். "வேற யாரு என்னை நம்பி பத்து வெரலும் வெப்பாங்க?"

கதவு மூடிக்கொண்டது.

ஹாரன் அடித்தது. பழசின் கடைசி லாரி விளக்கை எரித்துக்கொண்டு மேடையில் ஏறியது. பீம்ராவ் குறுக்கே ஓடிக் கைகளை விரித்து ஆட்டினான். டிரைவர் அவனுக்குப் பின்னால் இருந்த பலகையைப் படித்தார். டன் கணக்கில் எண் ஏறி நின்றது. டிரைவர் இறங்கி அவனை உரசிக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தார், உரசியது தெரியவில்லை.

"பீமு, சீட்டு!"

சின்னக் கதவு வழியாக ஒரு கை வந்தது. மணிக்கட்டில் பீம்ராவின் தீக்காயத் தழும்பு இருந்தது. டிரைவர் சீட்டைப் படித்துப் பார்த்தார்.

"இந்த வாட்டி கரெக்டா போட்டுட்டியே நைனா!"

லாரி போய்விட்டது. பழசில் இனி ஒரு லாரியும் இல்லை.

பழசை எடுத்துவிட, பொன்ராஜ் குனிந்து திரையில் எதையோ காட்டினான். மற்றவன் தலையாட்டினான். மௌஸின் மேல் விரல் இறங்கியது.

வலது கட்டைவிரல்.

வலிக்கவில்லை. பீம்ராவின் கையில் அது இருந்த இடத்தில் மழை இருந்தது.

சுட்டுவிரல். நடுவிரல். வைத்த அதே வரிசை. மோதிரவிரல். சுண்டுவிரல். பீம்ராவ் இடது கையைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டான். சாம்பலில் ஐந்து ரேகை தெளிவாக விழுந்தது. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தினான். வாய் திறந்தது. மழைச் சத்தம்தான் வந்தது.

இடது கட்டைவிரல். சுட்டுவிரல்.

நடுவிரல்.

"கண்ணாடியெல்லாம் அழுக்கா கெடக்கு பாருங்க," என்றார் ராமசுப்பு.

பொன்ராஜ் பழந்துணியை எடுத்துக்கொண்டு சின்னக் கதவு வழியாகக் கையை வெளியே நீட்டினான். முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, குருட்டுவாக்கில், கண்ணாடியை மேலும் கீழும் துடைத்தான். நாலு ரேகையும் போய்விட்டன. ஓரத்தில் ஒரு சுண்டுவிரல் மட்டும், அழுத்தமாக, அழியாமல் நின்றது.

பொன்ராஜ் திரும்பி அதைப் பார்த்தான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அதையும் தேய்த்தான்.