காப்புக்கு வெளியே

தாது வருடம் மார்கழி மாதத்தின் கடைசி நாள், அதாவது 1937ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய மாலை, ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே தனித்து நின்ற ஒரு தோட்டத்து வீட்டில், காப்புக் கட்டுவதற்கு முன்பாகக் கழித்தாக வேண்டிய கடைசிப் பொருளான தன் பழைய கோரைப்பாயைப் பொன்னாத்தாள் சுருட்டினாள். பாய் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று முழுவதும் அதில் ஒருவரும் படுக்கவில்லை.

அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. அன்று தொடங்கி அவளுக்கு உறக்கமில்லை. அடுப்பில் உலை கொதித்தாலும் கிணற்றில் வாளி மோதினாலும் நெஞ்சு படபடத்தது. அழுகை கேட்டுக் கேட்டுக் கணவன் சென்னிமலை களத்திலேயே படுக்கப் பழகினான். மார்கழி பிறந்ததும் அவனுடைய அக்காள் முத்தாயம்மாள் வந்து சேர்ந்தாள்.

“ஊடு நெறையச் சாமானை அடைச்சு வெச்சிருந்தா மனசு எப்படி லேசாகும் சாமி? ஒவ்வொண்ணா எல்லைக்கு அக்கட்டால போட்டுரு. இந்தத் தொட்டில இன்னும் ஆருக்குக் கட்டி வெச்சிருக்கறே? எலி குட்டி போடறதுக்கா?”

அந்தச் சொல் சுட்டது. ஆயினும் அவள் கீழ்ப்படிந்தாள். தொட்டில் போயிற்று, குழந்தையின் பாவாடைகள் போயின, தாய்வீட்டுச் சீராக வந்த செம்புக்குடமும் மரப்பெட்டியும் போயின. ஒவ்வொன்றும் போகப் போக அவளுக்கு உறக்கம் திரும்பியது. நெஞ்சின் அடிப்பு தணிந்தது. நன்றியுணர்ச்சியில் அவள் ஒன்றைக் கவனிக்கத் தவறினாள்: வெளியே போனவை யாவும் அவளுடையவை. மற்றவர்களுடைய ஒரு கரண்டிகூட இடம் பெயரவில்லை.

வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில், வாசலுக்கு மேலே இறங்கும் கூரை விளிம்பில், செருகுவதே காப்பு. அதைச் செருகும்போது வீட்டார் அனைவரும் உள்ளே இருக்க வேண்டும். செருகிய பிறகு, கழித்துப் போட்ட எதுவும் அந்தப் படியேறாது. அவ்வீட்டில் அவ்வழக்கம் ஒரு முறையும் பிசகியதில்லை.

“நீயே கொண்டுபோய்ப் போட்டாத்தான் கழியும்,” என்றாள் முத்தாயம்மாள்.

பொன்னாத்தாள் கணவனைப் பார்த்தாள். “ஏனுங்க, நான் வார வரைக்கும் காப்புக் கட்டாம இருப்பீங்களா?”

“இருக்கறேன், போ.” வேப்பிலையை உருவிக்கொண்டிருந்த அவன் தலை நிமிரவில்லை.

அறுவடை முடிந்த சோளக் காட்டின் நடுவே, காய்ந்த தட்டைகள் காலில் கீறும் ஓசையும், தொலைவில் எங்கோ குப்பை எரியும் கருகல் வாசனையும், ஒன்றோடொன்று உரசும் பனையோலைகளின் சத்தமும் தன்னைச் சூழ, மங்கிய வெளிச்சத்தில் அவள் எல்லைக் கல்லைக் கடந்து, மாதம் முழுவதும் தான் பொருள்களை எறிந்துவந்த பள்ளத்தை அடைந்தாள். குவியலாக எறிந்தவை குவியலாக இல்லை. மரப்பெட்டி சுவரோரம் வைப்பதுபோல் மண்மேட்டையொட்டி வைக்கப்பட்டிருந்தது. செம்புக்குடத்தில் நீர் நிறைந்திருந்தது. தொட்டில் வேலமரத்தில் கட்டியிருந்தது. மூன்று கற்களுக்கிடையே சாம்பல். அவள் கை வைத்தாள். சூடு.

பாய் விரிக்க மட்டும் இடம் விட்டிருந்தது.

யாரோ அங்கே குடியிருந்திருக்கிறார்கள். இப்போது இல்லை. ஈர மண்ணில் காலடிகள், அவளுடைய கால் அளவில், வீட்டை நோக்கிச் சென்றிருந்தன.

அவள் பாயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசலை நெருங்கும்போதே வேம்பின் கசப்பு வாசனை. இறவாணத்தில் பூளைப்பூ வெள்ளையாகத் தெரிந்தது. காப்புக் கட்டியாகிவிட்டது.

காத்திருப்பதாகச் சொன்னானே.

அவள் படியில் காலை வைக்க முயன்றாள். கால் எழவில்லை. மீண்டும் முயன்றாள். எழவில்லை.

உள்ளே விளக்கு. சென்னிமலை இலைமுன் அமர்ந்திருந்தான். “இன்னுங் கொஞ்சம் ரசம்,” என்றான்.

“வாரேனுங்க மாமா.”

அவளுடைய குரல்.

சமையலறையிலிருந்து வந்தவள் குனிந்து பரிமாறினாள். அதே கொண்டை. அதே முகம். ஆனால் கண்ணடியில் கருமை இல்லை. ஆண்டுக்கணக்கில் நன்றாக உறங்கிய முகம். சிரித்தது.

“ஏனுங்க!” பொன்னாத்தாள் கத்தினாள்.

சென்னிமலை நிமிர்ந்தான். அவளை நேராகப் பார்த்தான். அடையாளம் தெரிந்த பார்வை. பிறகு அக்காளிடம் திரும்பினான்.

“அக்கா, வந்து நிக்குது.”

“நிக்கட்டும். அழுதுட்டுக் கெடந்தது வெளிய போயிருச்சு, தம்பி. உனக்கு வேண்டியது உள்ள இருக்குது. ரசத்தை ஊத்திச் சாப்புடு.”

“மொகத்தைப் பார்த்தா ஒரு மாதிரி இருக்குதுக்கா.”

“பழசுங்க மாமா,” என்றாள் பரிமாறியவள், மிக மென்மையாக. “திரும்பிப் பார்க்காதீங்க.”

அவன் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தான். கதவு சாத்தப்பட்டது.

கதவுக்குப் பின்னால் மூவரும் தாழ்ந்த குரலில் பேசி முடிவு செய்தது இதுதான்: வாசலில் நிற்பது எதைக் கேட்டாலும் ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. விடிந்ததும் பண்ணையாள் ஆண்டி வண்டி பூட்டி, அதை எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டு வர வேண்டும். வழியில் அது சத்தம் போடாதபடி வாயைத் துணியால் கட்டிக்கொடுக்கும் வேலையை, உள்ளே இருந்த பொன்னாத்தாள் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டாள்.