கழுதைக்கு ஒரு செருப்பு

"பாலம் அறுந்து போச்சு அம்மிணி! பரிதி ஆத்துக்கு அக்கட்ட மாட்டிக்கிட்டான்!"

கைப்பேசியில் மாரப்ப மாமா போட்ட கூச்சலில் கொடிமலரின் காது அடைத்தது மட்டுமல்ல, அடுத்த தெருவில் அசை போட்டுக்கொண்டிருந்த எருமையும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது.

பரிதி, மாமாவின் ஒரே மகன். கொடிமலருக்கு மச்சான் முறை. அவன் எதற்கு அந்தப் பாழாய்ப்போன ஆனைவாய்க் குகைக்குப் போனான் என்று அவள் கேட்கவே இல்லை. குடும்பத்தில் யாருக்குத்தான் தெரியாது? முப்பாட்டன் அந்தக் குகையில் தங்கம் புதைத்து வைத்திருக்கிறார் என்று மாமா ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்வார். கொடிமலரின் காதுகுத்தில் ஒரு குடமாக இருந்த தங்கம், போன தை மாதம் நடந்த வளைகாப்பில் ஏழு குடமாக வளர்ந்திருந்தது. தங்கம் குட்டி போடும் என்பது அந்த வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

"ஆத்துல தண்ணி ஏறுதுங்களா மாமா?"

"ஏறுது சாமி! அவன் நிக்கற பாறை பொழுது சாயறதுக்குள்ள முங்கிரும்! மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு தீயணைப்பு வண்டி கீழயே நிக்குது!"

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? கொடிமலர் அன்வர்தீனைக் கூப்பிட்டாள். நாமக்கல்லில் லாரி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறுகிறவன். பல்லிக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்ததே அவன்தான் என்று நண்பர்கள் சொல்வார்கள். அரைமணியில் கயிறு, கொக்கி, இடுப்புப் பட்டை, ஒரு ட்ரோன், ஸ்பானர் பை எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

மலையடிவாரத்தில் மாமா காத்திருந்தார். உருண்டையான உடம்பு, பளபளக்கும் வழுக்கை. காலில் குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. தோளில் துப்பாக்கி.

"அய்யோ மாமா, கழுதையையுமா கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் கொடிமலர்.

"பட்டத்தரசன்னு சொல்லு!" மாமா முறைத்தார்.

மாமா வைத்த பெயர் பட்டத்தரசன். ஊரார் வைத்த பெயர் கழுதை. காரணம் அதன் உதை. ஒருமுறை காட்டுப்பன்றியை விரட்ட மாமா வானத்தைப் பார்த்துச் சுட்டார். பன்றி நின்ற இடத்திலேயே நின்றது, மாமாதான் மூன்று வரப்பு தாண்டிப் போய் விழுந்தார்.

வாங்கிய புதிதில் அது அருமையான துப்பாக்கிதான். ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே வெளியே துப்பிவிட்டு அடுத்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகுதான் மாமாவின் கைவண்ணம் ஆரம்பித்தது. தோளில் பதிகிற முனையில் இருந்த ரப்பர் மெத்தை கறுப்பாக அசிங்கமாக இருக்கிறதென்று பிடுங்கி எறிந்தார். அங்கே மயில் பொறித்த பித்தளைத் தகடு ஏறியது. கனமான பின்கட்டைக்குப் பதிலாக, இழைத்து இழைத்துக் கரண்டிக் காம்பு மாதிரி ஒல்லியாக ஒன்றைப் போட்டார். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சுட்டால் மாமியார்.

"இதுல கயிறைச் சுட்டு அக்கட்ட அனுப்பலாமாம்," என்று மாமா அவளைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றாள் கொடிமலர். அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் துப்பாக்கியைத் தொட்டு ஒரு வருசமாச்சு."

அவள் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிக்காரி. மாநிலப் போட்டியில் அவசரத்துக்கு இரவல் வாங்கிய ஒரு துப்பாக்கி காறை எலும்பில் உதைத்த உதையில் தோள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. தோள் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து விசையை அழுத்தும் நொடியில் அவள் கண்கள் தானாக மூடிக்கொள்ளும். சங்கத்தில் அவளுக்குக் 'கண்மூடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"முதல்ல ட்ரோனை அனுப்பிப் பார்ப்போங்க அக்கா," என்றான் அன்வர்தீன். "அதுவே கயிறைக் கொண்டு போய்க் குடுத்துரும்."

காட்டுக்குள் நுழைந்தார்கள். அட்டைகள் பந்திக்கு இலை போட்டதுபோல வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம்! மாமா உப்பைத் தூவிக்கொண்டே ஓடினார். வழுக்கினார், எழுந்தார், முப்பாட்டனைத் திட்டினார். மூங்கில் புதரை விலக்கியதும் கருவாறு இரைச்சலோடு எதிர்ப்பட்டது. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில், கொதிக்கும் சாம்பார் மாதிரி பொங்கிக்கொண்டு ஓடியது. அறுந்த இரும்புக்கயிற்றுப் பாலம் தண்ணீரில் வால் ஆட்டிக்கொண்டு கிடந்தது.

எதிர்க்கரையில் குகை வாய். அதன் கீழே ஒரு தட்டைப் பாறை. அதில் ஒரு காலை நீட்டிக்கொண்டு பரிதி உட்கார்ந்திருந்தான். கணுக்கால் வீங்கிப் பலாப்பழமாகியிருந்தது. மடியில் ஒரு மண்குடம்!

"அப்பா! கிடைச்சிருச்சு!" என்று குடத்தைத் தூக்கிக் காட்டினான்.

"குடத்தைத் தூக்கிப் போட்டுட்டு உசுரைப் புடிச்சுக்கடா!" என்று அலறினார் மாமா. அடுத்த மூச்சில், "எதுக்கும் குடத்தையும் புடிச்சுக்க!" என்றார்.

அன்வர்தீன் ட்ரோனைக் கிளப்பினான். மெல்லிய நைலான் நூலைக் கட்டிக்கொண்டு அது ஆற்றின் நடுப்பகுதி வரை ராஜா மாதிரி போனது. எங்கிருந்தோ ஒரு கழுகு வந்தது. ட்ரோனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. கோழிக்குஞ்சு என்று நினைத்ததோ, கொத்திக்கொண்டு போய்விட்டது.

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார்கள்.

அன்வர்தீனின் மலையேற்றச் சங்கம் தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்பவரிடம் வாங்கி வைத்திருந்த கயிறு எய்யும் கம்பி இரண்டு பையில் இருந்தன. கம்பியைத் துப்பாக்கிக் குழலின் வாயில் செருகி, குண்டில்லாத தோட்டாவைப் போட்டுச் சுட்டால், அது நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். கம்பி கனம். கனமானதை வீசும் துப்பாக்கி அவ்வளவுக்கவ்வளவு பின்னால் உதைக்கும்.

மாமா சுட்டால் எங்கே போய் விழுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்வர்தீனோ வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கொடிமலர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

குறி பார்த்தாள். பித்தளை மயில் தோளைத் தொட்டதுமே பழைய வலி எட்டிப் பார்த்தது. அவளை அறியாமலேயே துப்பாக்கியைத் தோளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கண்ணும் மூடியது.

டமார்!

அந்த வெடிச் சத்தத்தில் மூங்கில்கள் இலை உதிர்த்தன. கொடிமலர் மல்லாந்து மாமாவின் மேல் விழ, மாமா அன்வர்தீன் மேல் விழ, கம்பி வானத்துக்குப் போய்ச் சாவகாசமாக ஆற்றின் நடுவில் இறங்கியது. நூலை வெள்ளம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

மிச்சம் ஒரே ஒரு கம்பி. பரிதியின் பாறையில் தண்ணீர் அவன் கால்விரலைத் தொட்டுவிட்டது. அவன் இப்போது குடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கொடிமலருக்கு அழுகை முட்டியது. தோளைத் தேய்த்துக்கொண்டே துப்பாக்கியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். காலித் தோட்டா வெளியே வரவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது தானே துப்பற துப்பாக்கி. ஏன் துப்பலை?"

"அது துப்பி நாலஞ்சு வருசமாச்சு அம்மிணி. மரியாதை கத்துக்கிச்சுன்னு விட்டுட்டேன்."

கொடிமலர் தோட்டாவைக் கையால் வெளியே எடுத்தாள். துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, முன்கைப்பிடியைக் கழற்றினாள். உள்ளே குழலின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்க வேண்டும். வெடிப்புகையில் கொஞ்சம் அந்தத் துளைகள் வழியே வந்து உள்ளே இருக்கும் தண்டைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டாவை வெளியே எறிவது அந்தத் தண்டுதான். ஒரேயடியாக விழ வேண்டிய உதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தோளுக்குக் கொடுப்பதும் அதுதான்.

துளைகளைக் காணோம்! அந்த இடத்தில் மஞ்சளாக, கல் மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தாள்.

"சந்தனம்!"

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க," என்றார் மாமா பெருமையாக. "எல்லாரும் மேலாப்புல வெப்பாங்க. நான் கழட்டி, உள்ளுக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பொட்டு வெச்சேன். ஒரு வருசமும் தவறல."

அன்வர்தீன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, மூக்கை அடைச்சுட்டு மூச்சு விடுன்னா அது உதைக்காம என்னங்க பண்ணும்?"

கொடிமலர் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தத் தொடங்கினாள். பல வருடத்துப் பக்தி பொடிப்பொடியாக உதிர்ந்தது. காடே கோயில் மாதிரி மணத்தது. துளைகள் கண் திறந்தன.

"இதுக்குக் கனம் போதாதுங்க. ஒல்லியா இருந்தா எகிறத்தான் செய்யும்," என்றாள். அன்வர்தீன் தன் பையிலேயே பெரிய ஸ்பானரை எடுத்துப் பின்கட்டையின் அடியில் வைத்து இறுக்கிக் கட்டினான்.

"இப்ப தோளுக்கு மெத்தை வேணும். மெத்துன்னு, தடிப்பா, ரப்பர்ல ஏதாவது..."

இரண்டு பேருடைய பார்வையும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி, மாமாவின் காலில் நின்றது.

மாமா ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து மறைத்தார். "வேண்டாம்."

"மாமா!"

"வேண்டாம் கண்ணு! சந்தனம் வெச்ச ஆயுதத்துல செருப்பா? சாமி கோவிச்சுக்கிட்டா அங்க இருக்கறது என்ற பையன்!" கோபமில்லை அவர் முகத்தில். பயம். "சந்தனத்தைச் சுரண்டினீங்க, வாயைத் திறக்கல. இது மட்டும் வேண்டாம்."

கொடிமலர் அவர் கையைப் பிடித்தாள். "அடி வாங்கறது துப்பாக்கி இல்லீங் மாமா, என்ற தோளு. செருப்பு சாமிக்குப் போடல. உதைக்குப் பயந்துக்கிட்டு நான் கண்ணை மூடுனா அந்தக் கம்பியும் போயிரும். அப்புறம் சாமி சந்தோசமா இருந்து என்னங் பண்றது?"

எதிர்க்கரையில் பரிதி குரல் கொடுத்தான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தண்ணீர் அவன் இடுப்பில் இருந்தது.

மாமா குனிந்தார். வலது செருப்பைக் கழற்றினார். துண்டால் மண் போகத் துடைத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொடிமலரிடம் நீட்டினார். "இந்தா. கட்டு. பொறவு அவங்கிட்ட நான் பேசிக்கறேன்," என்று வானத்தைக் காட்டினார்.

செருப்பின் குதிப்பக்கத்தை வெட்டி, இரண்டாக மடித்துப் பித்தளை மயிலின் மேல் டேப்பால் சுற்றினான் அன்வர்தீன். "அக்கா, நின்னு போன லாரியைத் தள்ற மாதிரி நில்லுங்க. முன்னங்கால் மடங்கணும், உடம்பு முன்னால சாயணும்."

கொடிமலர் இடது காலை முன்னால் ஊன்றினாள். துப்பாக்கியைத் தோள் குழிக்குள் வைத்து இறுக்கி இழுத்தாள், காய்ச்சல்காரக் குழந்தையை அணைப்பதுபோல. கன்னம் கட்டையில் ஒட்டியது. இந்த முறை துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவில் நூல் அளவுகூட இடைவெளி இல்லை. மூச்சை மெல்ல விட்டாள். பரிதியின் தலைக்கு மேலே, குகை வாயிலுக்கு ஒரு பக்கமாக நின்ற காட்டத்தி மரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டமார்!

ஒரு தள்ளு, அவ்வளவுதான்! ஊர்த் திருவிழாவில் பின்னால் நிற்கிறவர் நகரச் சொல்லித் தள்ளுகிற மாதிரி. கழுதை உதைக்கவில்லை! காலித் தோட்டா விருட்டென்று துள்ளி வந்து மாமாவின் வழுக்கையில் டொக்கென்று விழுந்தது.

"துப்பிருச்சு! பட்டத்தரசன் துப்பிருச்சு!" என்று மாமா குதித்தார்.

கொடிமலரின் கண்கள் விரியத் திறந்திருந்தன. கம்பி ஆற்றைக் கடப்பதை, காட்டத்திக் கிளையைத் தாண்டி விழுவதை, நூல் தொங்கிப் பரிதியின் முகத்துக்கு நேராக ஆடுவதை, எல்லாவற்றையும் பார்த்தாள். பரிதி எட்டிப் பிடித்தான்!

நூலைக் கொண்டு கயிற்றை இழுத்தான். கயிற்றை, பாறை வரை இறங்கியிருந்த அந்த மரத்தின் வேரில் கட்டினான். அன்வர்தீன் கயிற்றில் தொங்கிக்கொண்டு, வெள்ளத்துக்கு மேலே குரங்குகள் பொறாமைப்படும் வேகத்தில் போனான். பரிதியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது ஆறு இருவர் காலையும் நக்கிப் பார்த்தது. பாறை முங்கிப்போனது. மாமா மகனை இழுத்துக் கட்டிக்கொண்டார். நடுவில் அந்தக் குடம்! அதை மட்டும் அவன் விடவில்லை.

அங்கேயே குடத்தை உடைத்தார்கள். உள்ளே விளிம்பு வரை, காலம் காலமாகச் சேர்ந்து இறுகிய, சுத்தமான வௌவால் எச்சம்.

அன்வர்தீன்தான் முதலில் சிரித்தான். பிறகு பரிதி வலியோடு சிரித்தான். கடைசியில் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

மகனைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாக மாமா மலையிறங்கினார். அந்தக் காலை மட்டும் ஒரு அட்டையும் கடிக்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். எச்சத்தை மூட்டை கட்டி வந்து மிளகுக் கொடிக்குப் போட்டார்கள். மிளகு எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்தது! ரசம் வைக்க ஒரு மிளகை நாலாக வெட்ட வேண்டியிருந்தது.

கொடிமலர் சங்கத்துக்குத் திரும்பினாள். உதைக்குப் பயந்து தள்ளிப் பிடித்தால்தான் உதை பலமாக விழும், ஒட்டிப் பிடித்தால் வெறும் தள்ளுதான் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறாள். துப்பாக்கியைப் பற்றித்தான் சொல்கிறாள்.

அடுத்த ஆயுத பூசைக்கு மாமா எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தார். சிவப்புத் துணி விரித்து, நடுவில் பட்டத்தரசன். பின்கட்டையில் அதே செருப்பு ரப்பர், இப்போது அழகாக வெட்டி ஒட்டியிருந்தது. மாமா அதற்கும் பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்தார். பிறகு மடியிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து, துளை ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்துக்கொண்டார்.

துப்பாக்கிக்குப் பக்கத்தில், தனி வாழையிலையில், மாமாவின் இடது செருப்பு மாலையோடு இருந்தது.

"இது எதுக்குங் மாமா?" என்றாள் கொடிமலர்.

"ஜோடியைப் பிரிக்கக் கூடாது அம்மிணி," என்றார் மாமா. "கற்பூரத்தை ஏத்து."