முந்நூற்றெட்டாம் பக்கத்து மணல்

புத்தகத்தைத் திறந்ததும் மாலியேவின் மடியில் மணல் கொட்டியது.

சளி பிடித்திருந்ததால் அவள் ஒரு வாரமாகக் கடல் பக்கமே போகவில்லை. அடையாளத்துக்கு வைத்த இலை வேறு, முந்நூறாம் பக்கத்திலிருந்து முந்நூற்றெட்டுக்கு நகர்ந்திருந்தது!

அது ஒரு குடும்பத்தின் கதை. அவர்களுடைய முப்பாட்டன் இறந்தபின் சுறாவாக மாறிக் கடலில் அவர்களைக் காக்கிறார். மாலியே பக்கத்தை முகர்ந்தாள். உப்பு வாசனை. சுறாவே வந்து தன் கதையைப் படிக்கிறதோ? சட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"அண்ணா, என் புக்கை எடுத்தியா?"

"அந்தத் தலகாணியையா? அதைப் படிக்கிறதுக்கு நான் ரெண்டு பரீட்சை எழுதிடுவேன்!" என்றான் கியோனி.

இன்னும் இரண்டே அத்தியாயம் பாக்கி. வெள்ளிக்கிழமை பள்ளி நூலகத்தில் திருப்பித் தரவேண்டும். புத்தகம் தொலைந்தால் இனி ஒன்றும் தரமாட்டார்கள்.

மறுநாள் மாலை சோபாவில் தூங்குவதுபோல் படுத்து, ஒரு கண்ணால் வேவு பார்த்தாள். அப்பா பூனைபோல் வந்தார். புத்தகத்தை எடுத்து மீன் வாளிக்குள் ஒளித்தார்.

"சும்மா சுத்திட்டு வரேன்" என்று கிளம்பினார்.

அவர்கள் தீவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் மீன்களுக்குக் கேட்டுவிடுமே! எங்கே என்று யாரும் கேட்கவும் கூடாது. கேட்டால் ஒரு மீனும் சிக்காது.

மாலியே கேள்வியை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே பதுங்கிப் போனாள்.

கடற்கரையில் தூண்டில் சுருட்டியபடியே கிடந்தது. அப்பா விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எதைப் படிக்கச் சொன்னாலும், "எனக்கு ஏது நேரம்?" என்று நழுவுகிற அப்பா! அவளுக்குப் பாவமாக இருந்தது. சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

வியாழன் காலை, இலை இருந்த பக்கத்தில் ஒரு சீட்டு வைத்தாள்.

"அப்பா, தனியா படிக்கப் பயமா இருக்கு. மீதியை மெதுவா படிச்சுக் காட்டுறீங்களா? - மாலியே."

மாலையில் அப்பா வாசலில் நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. கையில் இரண்டு தொப்பிகள்.

"சும்மா சுத்திட்டு வரோம்" என்றார்.

"ரெண்டு பேருமா? எங்..." என்று தொடங்கிய கியோனியின் வாயை மாலியே பொத்தினாள்.

அப்பா திணறிய இடங்களில் அவள் அலைகளைப் பார்த்தபடி காத்திருந்தாள். இருட்டுவதற்குள் சுறா அந்தக் குடும்பத்தைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டது.

வாளி காலியாகத்தான் வீடு திரும்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.