பிஸ்டன் இரண்டாம் முறை மேலே வரும்போது

காளியண்ணன் செத்த பிறகும் அடைக்க வேண்டியிருந்த பாக்கி பதினோராயிரத்து நானூற்றிருபது ரூபாய். பட்டறைச் சுவரில் மாட்டிய பெட்டியின் நெற்றியில் அந்த எண் பச்சையாக எரிந்தது. மரகதம் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பெட்டியை எழுப்பினாள்.

"வந்துட்டியா அம்மணி?" என்றான் பெட்டிக்குள்ளிருந்த புருசன் காளியண்ணன்.

கடனோடு செத்தவனை அந்தக் காலத்தில் முழுசாகச் சாக விடுவதில்லை. மூளைப் பதிவு எடுத்து, நிழலாள் ஆக்கி, தெரிந்த தொழிலிலேயே மாட்டி வைப்பார்கள். கூலி கடனுக்குப் போகும். கடன் அடைந்த நொடியில் நிழலாள் அணைந்துவிடுவான். பிறகு எழுப்ப முடியாது. பெட்டிக்குக் காதும் வாயும் உண்டு, கண்ணும் கையும் கிடையாது. கை மரகதத்தினுடையது.

கடைசி வேலை ஒரு பழைய அம்பாசிடர். ஊரெல்லாம் மின்வண்டி ஓடினாலும், மாப்பிள்ளை ஊர்வலம் புகை விடும் காரில் போனால்தான் கௌரவம். என்ஜினைப் பிரித்துக் கோர்த்தாகிவிட்டது. ஒரு நிமிடம் நிற்காமல் ஓடினால் கூலி ஏறி, பாக்கி மொத்தமும் அடைந்துவிடும். புகை விடக் காலையில் ஒரு மணி நேரம்தான் அனுமதி. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஒவ்வொரு மாலையும் சரியாக வைத்த தீப்பொறி டைமிங் மறுநாள் காலையில் கெட்டுக் கிடந்தது. இன்றும் கார்புரேட்டர் வழியாகத் தும்மிவிட்டு நின்றது.

"டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்து."

அவள் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினாள்.

"நில்லு. நேத்து இறுக்குன போல்ட்டு கழட்டுறப்ப ஒரு முனகல் முனகும். இது சத்தமே இல்லாம வருது. ஏற்கெனவே கழட்டியிருக்குது."

மரகதம் போல்ட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"பேய் வந்து திருப்புச்சா? இங்க இருக்கிற பேயி நான் ஒருத்தன்தான்."

"உங்களை அணைய உட மனசு வரலீங்க மாமா."

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. "பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும், அம்மணி. முதல் தடவைதான் நெருப்பு. ரெண்டாந்தடவை வெறும் புகையைத் தள்ள வர்றது. நீ ஷட்டரை இறக்குனா நான் எங்கிருக்கேன்னே எனக்குத் தெரியல. என்னையத் தள்ளி உடு."

அவள் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பிக் குறிக்கு நேராக வைத்து, போல்ட்டை இறுக்கினாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது.

"ஏதாச்சும் பேசுங்களேன்!"

"சும்மா இரு. கேக்கட்டும்."

ஒரு தும்மல் இல்லை, ஒரு திணறல் இல்லை. நிமிடம் முடிந்தது. பெட்டியின் நெற்றியில் பூஜ்யம் எரிந்து, அதுவும் அணைந்தது.

"சரியா இருக்குதுங்களா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள் மரகதம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.