சிப்ளூண் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி

அவல் தாளித்த வாணலி இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. அதற்குள் கொழுந்தன் மகரந்த் கைப்பேசியைச் சுலபாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன வஹினி இது? என் படத்தை ஊர் முன்னால கிழிச்சுத் தொங்க விட்டிருக்கீங்க. கடைசிக் காட்சியை எழுதினவங்களுக்குத் தைரியம் போதலையாமே? அடுத்த படத்துக்குப் பேசிட்டிருந்த தயாரிப்பாளர் இதைப் போட்டுக் காட்டி, உங்க வீட்டுலயே இப்படிச் சொல்றாங்களேன்னு சிரிக்கிறார்.”

சுலபா அடுப்பை அணைத்தாள். திரைக்கதை எழுதுவது எப்படி என்று அவள் இணையத்தில் போடும் வீடியோக்களை இந்த வீட்டில் அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. கணவன் ஸ்ரீரங் இறந்த பிறகு, தன் கதைகளைத் தூக்கிக்கொண்டு அந்தேரியில் அவள் ஏறி இறங்காத சினிமா கம்பெனி இல்லை. இதுவரை எந்தப் படத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவளும் என்ன சொல்வாள், பாவம்! சாங்லி, பீட் மாதிரி தூரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு எழுதுவது ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

“இப்பவே அந்த வீடியோவை நெட்டிலேருந்து எடுங்க. இனிமே இந்த வீட்டில வீடியோ கீடியோ எதுவும் வேண்டாம்.”

இருவரும் ‘ஆயி’ என்று கூப்பிடும் மாமியார் இந்துமதி வெந்தயக்கீரையைக் கிள்ளியபடியே சொன்னாள்: “எடுத்துடேன் சுலபா. பிழைக்கிற பிள்ளை வயித்தில ஏன் அடிக்கிற?”

அதைத்தான் சுலபாவால் பொறுக்க முடியவில்லை.

“அதை எழுதினது யாரு மகரந்த்? நான். நான் எழுதினதில இருக்கிற தப்பை நான் சொல்லக் கூடாதா? நீ தோத்துப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தே. ‘இந்த ஒரு படம் தம்பி பேர்ல போகட்டும், அடுத்தது உன் பேர்ல’ன்னு உங்கண்ணன் என் கையைப் பிடிச்சாரு. கொடுத்தேன். அடுத்தது வரவே இல்ல... அவரும் போயிட்டாரு.”

“கேட்டியா ஆயி? சாட்சி சொல்ல அண்ணன் இல்லைங்கிற தைரியத்தில, என்னைத் திருடன்னு சொல்றாங்க.”

ஆயி கீரையைக் கீழே வைத்தாள்.

“உன் படத்தில அந்த அம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில விட்டுட்டு, திரும்பி வரவே கூடாதுன்னு சிப்ளூண் பஸ் ஸ்டாண்டில போய் உட்காருவாளே. ஒரு தட்டு மிசள் சாப்பிட்டுட்டு, சாயங்கால பஸ்ஸில வந்து இறங்கி, கோயிலுக்குப் போயிருந்தேன்னு பொய் சொல்வாளே. அவ யாருடா?”

“யாருன்னா... அது கதை ஆயி. வஹினி கற்பனையா எழுதின...”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

“கற்பனை இல்லடா. அது நான்தான். விட்டுட்டுப் போனது உன்னையும் உங்கண்ணனையும். ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இவகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

மகரந்த் சுவரில் சாய்ந்துகொண்டான். சுலபா அவனைப் பார்க்கவில்லை.

“அப்ப... நான் எழுதினதுன்னு தியேட்டர்லயே உங்களுக்குத் தெரியுமா ஆயி?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் என் கையால வாங்கிச் சாப்பிட்டீங்க?”

“நீயும் என்னை ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டே. அந்தக் கோபம் இருந்தது. அது மட்டுமில்ல. இது உன் எழுத்துன்னு நான் சொல்லி, ‘உனக்கு எப்படித் தெரியும்’னு யாராவது கேட்டா, பெத்த பிள்ளைகளை விட்டுட்டுப் போனவ நான்னு சொல்லணுமே... என் மானத்துக்காக உன் பேரை விட்டுக் கொடுத்துட்டேன்மா.”

ஆயி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுலபாவும் அழுதாள். ஆனால் அவள் கைகள் எழவில்லை. எப்படி எழும்?

“உன் கேமராவைப் போடு. நானே சொல்றேன்.”

“வேண்டாம் ஆயி,” என்றான் மகரந்த். “ஊரே பார்க்கும்.”

ஆயி சுலபாவின் முகத்தைப் பார்த்தாள். இவளும் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று உள்ளுக்குள் நினைத்தாளோ என்னவோ. எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று விட்டுக் கொடுத்தே பழகியவள் அல்லவா?

சுலபா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தான் உட்கார்ந்து பாடம் சொல்லும் நாற்காலியைக் கேமராவுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

“வந்து உட்காருங்க ஆயி,” என்றாள்.