கண்ணாடியில் கொஞ்சம் மஞ்சள்

கண்ணாடியில் மஞ்சள் இருக்கக் கூடாது. ஆண்டனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேகம்பேட் ஆபீசில் அவனைத் தவிர யாரும் இல்லை, ஏ.சி.யின் முனகலும், சூடேறிய கம்ப்யூட்டர்களின் தூசி வாசனையும், கீழே சாலையில் பஸ்கள் உறுமிக்கொண்டு போகும் சத்தமும்தான் துணை. திரையில், கட்டுவதற்கு முன்பே அவன் கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு ஷோரூமின் முகப்பு, தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. ஆள் மோதிவிடாமல் இருக்க அதன் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள். அவற்றுக்குப் பின்னால், உள்ளே எங்கோ, ஒரு மஞ்சள் திட்டு.

அந்தப் பட்டைகளைப் போன வருஷம் படத்திலிருந்து எடுத்தவனே அவன்தான். "நக்கோ, எடுக்காதே ஆண்டனி, இருக்கட்டும். அங்க கண்ணாடி இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அப்போது பக்கத்து சீட்டில் இருந்த ரமா, மௌலா அலிக்காரி. அவன் சிரித்தான். படம் பளிச்சென்று இருந்தது. பில்டர் படத்தைப் பார்த்தே கட்டினார். திறப்பு விழாவுக்குத் தாமதமாகி, மாம்பழ மஞ்சள் சுடிதாரில் ஓடிவந்த ரமா நேராக அந்தக் கண்ணாடிக்குள் விழுந்தாள். கழுத்து அறுபட்டு அங்கேயே செத்துப்போனாள்.

இப்போது கண்ணாடி மாட்டிய லட்சுமணன் லாக்கப்பில். பட்டை ஒட்டாமல் விட்டது அவன்தான் என்று காட்ட, பட்டையுள்ள படம் ஒன்று, போன வருஷத்து 2004 தேதி போட்டு வேண்டும். முதலாளி ஸ்ரீகாந்த் கேட்டார். ஆண்டனி முடியாது என்று சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கண்ணாடிக்குச் சொந்த நிறம் சொற்பம். மீதியெல்லாம் பின்னால் இருப்பதன் நிறம். இரண்டையும் கலந்துதான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பின்னால் இருந்தது வெள்ளைச் சுவர். சுவரை நீக்கினான். மஞ்சள் போகவில்லை. தரையையும் நாற்காலிகளையும் நீக்கிவிட்டு மறுபடி ரெண்டர் போட்டு, கம்ப்யூட்டரைப் படத்தைப் புதிதாக வரைய விட்டான். கண்ணாடிக்குப் பின்னால் இப்போது ஒன்றுமே இல்லை. மஞ்சள் பெரிதாகியிருந்தது.

மறுபடி போட்டான். இன்னும் பெரிது. இன்னும் கிட்டே.

அடுத்த முறை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வெள்ளைப் பட்டைகளை மறைத்துக்கொண்டு.

ஃபோன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது.

"ஆண்டனி, படம் ஆச்சா? வக்கீல் எதிர்லயே உக்காந்திருக்கார்," என்றார் ஸ்ரீகாந்த்.

"சார்... லட்சுமணனுக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க சார்."

"உனக்கும்தான் இருக்கு. அனுப்பு."

சுவர், தரை எல்லாவற்றையும் திரும்ப வைத்துக் கடைசியாக ஒரு முறை போட்டான். படம் மேலிருந்து வரி வரியாக நிறைந்தது. மஞ்சள் இல்லை. துளிகூட இல்லை. நிம்மதியில் கண் கலங்கியது. அந்த நிம்மதியை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அனுப்பிவிட்டான்.

பிறகுதான் உறைத்தது. படத்தின் கேமரா என்பது பார்க்கிறவனின் கண். கேமராவைத் தாண்டி வந்துவிட்ட எதுவும் படத்தில் விழாது.

கீபோர்டைப் பார்த்தான். லேசாக மஞ்சள். தன் கைகள். மஞ்சள். ஜன்னல், மேம்பாலம், வானம். கண்ணைக் கசக்கினான். போகவில்லை. எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மிகக் கிட்டே. மூக்குக்கு முன்னால்.

மஞ்சளின் மேல் விளிம்பிலிருந்து சிவப்பு மெதுவாக இறங்கத் தொடங்கியது.